பற்றறியில் ஓடாத தொலைக்காட்சிப் பெட்டி: கொடுத்த காசைத் திரும்பக் கேட்பது எப்படி?

உழுந்து விற்ற காசு கைக்கு வந்த கிழமையில்தான் வீட்டுக்கு ஏதாவது ஒரு சாமான் வாங்கலாம் என்ற எண்ணம் எமக்கு வருகிறது. இடம்பெயர்ந்து வாழும் குடும்பத்துக்கு இப்படியான காசு வருடத்தில் ஒருமுறை, மழை ஒத்துழைத்தால் இரண்டு முறை கிடைக்கும். கடனுக்கு ஒரு பங்கு, அடுத்த விதைப்புக்கு ஒரு பங்கு, பிள்ளைகளின் படிப்புக்கு ஒரு பங்கு என்று பிரித்த பின் மிஞ்சுவதில் வாங்கிய பொருள் பிழைத்துப்போனால், அதை ஈடுசெய்ய இன்னொரு போகம் வரை காத்திருக்க வேண்டும். அப்படியிருந்தும் எம்மவர்களில் பலர் கடைக்காரரிடம் திரும்பிப் போவதில்லை. பழைய சேலையால் பெட்டியை மூடி மூலையில் வைத்துவிட்டு, ‘எங்கட தலையெழுத்து’ என்று சொல்லிவிடுகிறார்கள். பலமுறை எல்லாவற்றையும் இழந்து பழகியவர்களுக்கு இந்த இழப்பும் அவற்றில் ஒன்றாகத் தோன்றலாம். ஆனால் கடையில் ஏமாறிய காசைத் திரும்பப் பெறுவதற்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. அந்த வழிக்கு ஒரு கால எல்லையும் உண்டு. இந்தப் பாடம் அதைப் பற்றியது.

கடையில் நடந்தது

பாடத்துக்காக ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்வோம். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பம். நலன்புரி நிலையம், உறவினர் வீடு, வாடகை வளவு என்று பல இடம் மாறி, இப்போது வன்னியில் பிறருடைய காணியில் உழுந்தும் கச்சானும் விதைத்துப் பிழைக்கிறார்கள். காணிப் பத்திரம் கையில் இல்லாதபடியால் மின்சாரம் எடுக்கிற அலுவல் இழுபடுகிறது. கூரையில் 50 வாற் சோலர் தகடு ஒன்று. உள்ளே 12 வோல்ற், 40 அம்பியர்-மணிப் பற்றறி ஒன்று. இரவில் மூன்று பல்புகள் எரியும், கைத்தொலைபேசி சார்ஜ் ஏறும். அவ்வளவுதான்.

தாயும் சாதாரண தரம் படிக்கும் மகனும் பட்டணத்துக்குப் போய்த் தொலைக்காட்சிப் பெட்டி பார்க்கிறார்கள்.

“தம்பி, எங்கட வீட்டில கரண்ட் இல்லை. சோலர் பற்றறிதான் இருக்கு. இது அதில வேலை செய்யுமோ?”

“ஓம் அம்மா, வடிவா வேலை செய்யும். இப்ப வாற பெட்டியெல்லாம் சோலருக்கு ஏற்றமாதிரித்தான் வருது.”

விற்பனையாளர் கடையின் மின்சாரத்தில் பெட்டியைக் கொழுவிக் காட்டுகிறார். படம் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறது. 52,000 ரூபா எண்ணிக் கொடுத்து, பற்றுச்சீட்டும் ஒரு வருட உத்தரவாத அட்டையும் பெற்று, பெட்டியை மடியில் வைத்தபடி பஸ்ஸில் வந்து சேருகிறார்கள். வீட்டில் பிரித்துப் பார்த்தால், பற்றறியில் பூட்டுவதற்கு அதில் இடமே இல்லை. சுவர் மின்சாரத்துக்கான வயர் மட்டுந்தான் இருக்கிறது.

அடுத்த நாள் கடைக்கு அழைப்பெடுத்தால், “இன்வேர்ட்டர் ஒன்று வாங்கிப் பூட்டுங்கோ, ஓடும்” என்கிறார்கள். அயல்வீட்டுத் தம்பி தன்னுடைய இன்வேர்ட்டரைக் கொண்டுவந்து பூட்டிப் பார்க்கிறார். படம் வருகிறது. ஆனால் மூட்டமான நாளில், எட்டு மணிச் செய்தி முடியமுன்னரே பற்றறி இறங்கிப் பல்புகளும் அணைந்துபோகின்றன. பிள்ளை மெழுகுதிரியில் படிக்கிறான்.

இங்கே பெட்டி பழுதில்லை என்பதைக் கவனியுங்கள். கடைக்காரரும் அதைத்தான் சொல்வார்: “சாமான் நல்ல சாமான், நீங்கள் பார்த்துத்தானே எடுத்தனீங்கள்?” எம்மில் பலர் இந்த இடத்தில் வாயடைத்துப் போகிறோம். நல்ல சாமானே ஆனாலும், எந்தத் தேவையைச் சொல்லிக் கேட்டோமோ அந்தத் தேவைக்கு உதவாததை ‘உதவும்’ என்று சொல்லி விற்றால் அது பிழையான விற்பனை. பழுதான சாமானை விற்பது போலவே இதையும் சட்டம் பார்க்கிறது.

பெட்டியின் முதுகில் உள்ள எழுத்து

சட்டத்துக்குப் போகமுன், வாங்கும்போதே இந்தத் தொல்லையைத் தவிர்த்திருக்கக்கூடிய ஒரு சின்ன விஷயம். ஒவ்வொரு மின்சாதனத்தின் பின்புறத்திலும் ஒரு சிட்டை ஒட்டியிருக்கும். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர்களும் அதில் மூன்று குறிகளைப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலாவது, மின்சாரத்தின் வகை. பாம்பு நெளிவதுபோல் ஒரு சிறிய அலைக்கோடு இருந்தால் அது ஏ.ஸி., அதாவது சுவர் மின்சாரம். ஒரு நேர்கோடும் அதன் கீழ் துண்டு துண்டாகச் சிறு கோடுகளும் இருந்தால் அது டீ.ஸி., அதாவது பற்றறி மின்சாரம். இரண்டாவது, வோல்ற். 100 முதல் 240 என்று மட்டும் எழுதியிருந்தால் அது 12 வோல்ற் பற்றறியில் நேராக ஓடாது. 12 என்று தனியாக எழுதி, பக்கத்தில் நேர்கோட்டுக் குறியும் இருந்தால்தான் ஓடும். இரண்டு வகையிலும் ஓடக்கூடிய பெட்டிகளும் விற்பனைக்கு உண்டு. அவற்றில் இரண்டு குறிகளும் இருக்கும். மூன்றாவது, எத்தனை வாற் என்பது.

இந்த வாற் கணக்கை அந்த மகன் கடையிலேயே போட்டிருக்கலாம். 12 வோல்ற்றை 40 அம்பியர்-மணியால் பெருக்கினால் 480 வாற்-மணி. ஈயப் பற்றறியை நாளாந்தம் பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் விரைவில் குறைந்துவிடும். ஆகவே எடுக்கக்கூடியது சுமார் 240. மூன்று பல்புகள் ஒவ்வொன்றும் 5 வாற் என்று நான்கு மணித்தியாலம் எரிந்தால் 60 போய்விடும். மிச்சம் 180. பெட்டி 55 வாற், இன்வேர்ட்டர் தன் பங்குக்கு விழுங்குவதையும் சேர்த்தால் 65 என்று வைத்துக்கொள்ளுங்கள். 180 ஐ 65 ஆல் வகுத்தால் மூன்று மணித்தியாலம்கூட இல்லை. அதுவும் பகலில் வெயில் நன்றாக எறித்துப் பற்றறி நிறைந்திருந்தால்தான். 50 வாற் தகடு நல்ல வெயிலில் ஒரு நாளைக்குத் தருவதே ஏறக்குறைய 200 முதல் 250 வாற்-மணி.

ஆகவே ‘இன்வேர்ட்டர் பூட்டினால் ஓடும்’ என்ற பேச்சில் உண்மை அரைவாசிதான். பெட்டி ஓடும், பற்றறி சாகும். தொலைக்காட்சியால் வந்த நட்டம் வீட்டு வெளிச்சத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். கடிதம் எழுதும்போது இந்தக் கணக்கையும் எழுதலாம். வெறும் மனக்குறையாக இல்லாமல், அளந்து காட்டிய குறையாக அது நிற்கும்.

இன்னொரு சொல்லிலும் கவனமாயிருங்கள்: ‘டிஜிற்றல்’. தரைவழி டிஜிற்றல் ஒளிபரப்புக்கு இலங்கை 2014 இல் ஜப்பானிய முறையைத் தெரிவுசெய்தது. வேறு நாட்டு முறைக்கென்று செய்யப்பட்ட பெட்டியில் ‘டிஜிற்றல்’ என்று பொன்னெழுத்தில் எழுதியிருந்தாலும், எங்கள் கூரை அன்ரெனாவில் அது எந்த அதிசயத்தையும் காட்டப்போவதில்லை. அந்தச் சொல்லுக்காக மேலதிகக் காசு கேட்டால், எந்த முறை என்று கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

எங்கள் நாட்டில் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று 1896 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது (11 ஆம் இலக்கம்). பூட்டன் காலத்துச் சட்டம் என்றாலும், மேலே சொன்ன தாய்க்கு அது நன்றாகப் பொருந்துகிறது. அதன்படி, வாங்குகிறவர் தமக்குப் பொருள் எதற்குத் தேவை என்பதை விற்கிறவருக்குத் தெரியப்படுத்தி, அவருடைய அறிவை நம்பி வாங்கினால், அந்தத் தேவைக்கு அது பொருத்தமாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை அந்த விற்பனைக்குள் தானாகவே அடங்கியிருக்கிறது. யாரும் எழுதிவைக்காவிட்டாலும் அது இருக்கிறது. “எங்கட வீட்டில சோலர்தான்” என்று அந்தத் தாய் சொன்ன ஒரு வசனந்தான் அவருடைய மிகப் பெரிய பலம்.

இதற்குள் ஒரு பொறியும் உண்டு. கடைக்குப் போய் ஒரு கம்பனியின் பெயரைச் சொல்லி, “எனக்கு இன்னாருடைய பெட்டிதான் வேண்டும்” என்று கேட்டு வாங்கினால், தேவைக்குப் பொருத்தம் என்ற இந்த நிபந்தனை பொருந்தாது என்று அதே சட்டம் சொல்கிறது. கடைக்காரரின் அறிவை நம்பாமல் நீங்களே தெரிவுசெய்துவிட்டீர்கள் என்பது அதன் நியாயம். அதனால் பெயரைச் சொல்லிக் கேளாமல், தேவையைச் சொல்லிக் கேளுங்கள். “பற்றறியில் ஓடவேண்டும், மூன்று மணித்தியாலமாவது ஓடவேண்டும், எது பொருத்தம்?” என்று கேட்பது புத்தி. நீர் இறைக்கும் மோட்டருக்கும் இதே விதிதான்: கிணற்றின் ஆழத்தையும் தோட்டத்தின் தூரத்தையும் சொல்லிக் கேளுங்கள்.

பார்த்து வாங்கினோம் என்பதால் எல்லா உரிமையும் போய்விடுவதில்லை. வாங்கும்போது பார்த்த பார்வையில் தெரியக்கூடிய குறையை, உதாரணமாகக் கண்ணாடியில் உள்ள கீறலை, பிறகு குறையாகச் சொல்வது கடினம். உள்ளே மறைந்திருக்கும் குறைக்கு அந்தத் தடை இல்லை.

பற்றுச்சீட்டின் அடியில் ‘விற்ற பொருள் மீளப்பெறப்பட மாட்டாது’ என்று அச்சடித்திருப்பார்கள். அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. மனம் மாறியதால் திருப்பிக் கொடுக்க வருகிறவருக்கு அது பதிலாகலாம். பொய் சொல்லி விற்றதற்கு அது கவசமாகாது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, வர்த்தகர் எவரும் பாவனையாளரைத் தவறான வழியில் இட்டுச்செல்லும் விதமாக நடக்கக்கூடாது என்கிறது. பொருளின் தரம், வகை போன்றவற்றைப் பற்றிப் பொய் சொல்வதை 31 ஆம் பிரிவு தடுக்கிறது. பாவித்த சாமானைத் துடைத்துப் புதியதென்று விற்பதும் இதற்குள் வரும்.

முதலில் செய்யவேண்டியது

குறை தெரிந்தவுடன் பாவிப்பதை நிறுத்துங்கள். அயல்வீட்டுத் தம்பி எவ்வளவு கெட்டிக்காரரானாலும் பெட்டியின் முதுகைக் கழற்ற விடாதீர்கள். கழற்றினால், “நீங்கள்தான் பழுதாக்கினீர்கள்” என்ற பதில் கடைக்காரருக்குக் கைமேல் கிடைத்துவிடும். மட்டைப் பெட்டியையும் உள்ளே இருந்த ரெஜிபோம் துண்டுகளையும் அடுப்பெரிக்கக் கொடுத்துவிட வேண்டாம். பற்றுச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் இரண்டு போட்டோப் பிரதி எடுங்கள். இப்போது வழங்கப்படும் வழுவழுப்பான சீட்டுகளில் எழுத்து சில மாதங்களிலேயே மங்கிப்போகிறது. அத்துடன், அடுத்த வெள்ளத்திலோ அடுத்த இடமாற்றத்திலோ எது மிஞ்சும் என்று எமக்குத் தெரியாதே. ஒரு பிரதி வேறொரு வீட்டில் இருக்கட்டும். பற்றுச்சீட்டுக் கேட்டால் கொடுக்கவேண்டியது வர்த்தகரின் சட்டக் கடமை என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

பிறகு தாமதிக்காமல் கடைக்குச் சொல்லுங்கள். நியாயமான காலத்துக்குமேல் எதுவும் சொல்லாமல் வைத்திருந்தால், பொருளை ஏற்றுக்கொண்டதாகவே 1896 ஆம் ஆண்டுச் சட்டம் கருதும். ஏற்றுக்கொண்ட பிறகு நட்டஈடு கேட்கலாமே தவிர, பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுக் காசையும் கேட்பது கடினமாகிவிடும். வேறுவிதமான உடன்பாடு இல்லாவிட்டால், ஏற்க மறுக்கும் உரிமை உள்ளவர் பொருளைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கவேண்டியதும் இல்லை. மறுக்கிறேன் என்று அறிவித்தாலே போதும். ஆகவே கையில் பஸ் காசு இல்லை என்பதற்காக நாளைக் கடத்தாதீர்கள். முதலில் கடிதம் போகட்டும்.

வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் துண்டையும் பிரதியையும் வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் நீளமாக இருக்கவேண்டியதில்லை. கோபமாக இருக்கவே கூடாது. கீழே உள்ளதைப் பார்த்து எழுதலாம்:

“முகாமையாளர் அவர்கட்கு,

ஐயா,

கடந்த ........ ஆம் திகதி உங்கள் கடையில் ........ இலக்கப் பற்றுச்சீட்டுக்கு 52,000 ரூபா செலுத்தி ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வாங்கினேன். எங்கள் வீட்டில் மின்சார இணைப்பு இல்லை என்பதையும், 12 வோல்ற் சோலர் பற்றறியில் பாவிக்கவே பெட்டி தேவை என்பதையும் வாங்கமுன் உங்கள் விற்பனையாளரிடம் கூறினேன். அது பற்றறியில் வேலை செய்யும் என்று அவர் கூறியதை நம்பியே வாங்கினேன். என் மகனும் அப்போது உடனிருந்தார்.

பெட்டி 100 முதல் 240 வோல்ற் ஏ.ஸி. மின்சாரத்தில் மட்டுமே இயங்கும் என்று அதன் பின்புறத்தில் எழுதப்பட்டுள்ளது. நான் கூறிய தேவைக்கு அது பொருந்தாது. ஆகவே இதை ஏற்க மறுக்கிறேன். பெட்டி சேதமின்றி, வந்த மட்டைப் பெட்டியிலேயே உள்ளது. நீங்கள் எடுத்துக்கொண்டு முழுத்தொகையையும் திருப்பித் தருமாறு கேட்கிறேன். இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் பதில் தராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடுவேன்.

இப்படிக்கு, ........”

முகவரி எழுதும் இடத்தில் கொஞ்சம் யோசியுங்கள். எம்மைப் போன்றவர்களுக்கு இதுதான் கடினமான வரி. இன்று இருக்கும் வளவில் அடுத்த மாதம் இருப்போமோ தெரியாது. அதிகாரசபை பிறப்பிக்கும் கட்டளையும் பதிவுத் தபாலில்தான் வரும்; அது ஆளில்லை என்று திரும்பிப் போனால் இவ்வளவு பாடும் வீண். இடம் மாறாத ஒரு முகவரியைக் கொடுங்கள்: உங்களோடு தொடர்பில் உள்ள உறவினர் வீடு, அல்லது முன்கூட்டியே கேட்டுக்கொண்டு பங்கு மனை. இடையில் இடம் மாறினால் உடனே ஒரு சிறு கடிதத்தால் அறிவியுங்கள்.

மூன்று மாதம்

கடைக்காரர்களில் நேர்மையானவர்கள் பலர் உண்டு. கடிதம் கண்டதும், “அம்மா, பொடியன் தெரியாமல் சொல்லிப்போட்டான்” என்று பெட்டியை மாற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். 12 வோல்ற் பெட்டி அவரிடமே இருந்தால், வித்தியாசத்தைக் கொடுத்தோ வாங்கியோ மாற்றிக்கொள்வது காசைத் திரும்பப் பெறுவதிலும் சுலபமான தீர்வாக இருக்கலாம். அதை மறுக்கவேண்டியதில்லை. மாற்றும்போது புதிய பற்றுச்சீட்டில் ‘12 வோல்ற் டீ.ஸி. பற்றறியில் இயங்கும்’ என்று எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.

சிக்கல் வருவது, “கொண்டுவந்து தாங்கோ, எங்கட ஆள் பார்த்துச் சரிசெய்து தருவார்” என்ற பதிலில்தான். பழுது பார்க்கிறோம் என்று வைத்திருப்பார்கள். இரண்டு கிழமை என்பது ஐந்து கிழமையாகும். உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வரவேண்டும் என்பார்கள். அவர்கள் வேண்டுமென்று இழுக்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இழுபடும் நாட்கள் எமது கணக்கில்தான் கழிகின்றன. ஏனெனில் பாவனையாளர் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி, முறைப்பாடு விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்கப்பட வேண்டும். குறை தெரிந்த நாளிலிருந்தோ கடைக்காரர் மறுத்த நாளிலிருந்தோ எண்ணுவதில்லை. விற்பனை நாளிலிருந்து எண்ணவேண்டும். ஒரு வருட உத்தரவாதம் இருக்கிறது, ஆறுதலாகப் பார்ப்போம் என்று இருந்துவிடுபவர்கள் தவறுவது இங்கேதான். உத்தரவாத அட்டையின் ஒரு வருடம் வேறு, முறைப்பாட்டின் மூன்று மாதம் வேறு.

வாங்கிய நாளன்றே வீட்டு நாட்காட்டியில் மூன்றாம் மாதத்தின் முதல் நாளைச் சுற்றி வட்டமிடுங்கள். அந்த நாள்வரை தீர்வு கிடைக்காவிட்டால், பெட்டி திருத்தத்தில் இருந்தாலும் முறைப்பாட்டை அனுப்பிவிடுங்கள். திருத்தக் கொடுக்கும்போது திகதியிட்ட துண்டு ஒன்று வாங்காமல் கடையைவிட்டு இறங்கவேண்டாம்.

முறைப்பாட்டுக்கும் மேலே உள்ள கடிதமே அடிப்படை. அதனோடு பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, பதிவுத் தபால் துண்டு ஆகியவற்றின் பிரதிகளையும், பெட்டியின் பின்புறச் சிட்டையைக் கைத்தொலைபேசியில் பிடித்த படத்தையும் இணையுங்கள். மூலப் பிரதிகளைக் கொடுத்துவிடாதீர்கள். அதிகாரசபையின் அலுவலகம் உங்கள் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது என்பதை மாவட்டச் செயலகத்தில் விசாரிக்கலாம். 1977 என்ற தொலைபேசி இலக்கத்திலும் கேட்கலாம். கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். அரச அலுவலகத்தோடு தமிழில் கருமமாற்றுவதும் தமிழில் பதில் பெறுவதும் அரசியலமைப்பு தந்த உரிமை.

அதிகாரசபை இரு பக்கத்தையும் அழைத்து விசாரிக்கும். உங்கள் பக்கம் சரியென்று கண்டால், நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, காசைத் திருப்பிக் கொடுக்கவோ கடைக்காரருக்குக் கட்டளையிடும். அவர் கட்டளையை மதிக்காவிட்டால், அந்தத் தொகையை நீதவான் நீதிமன்றத்தின் மூலம் தண்டப்பணம் அறவிடுவதுபோல் அறவிடலாம். விசாரணைக்குப் போகும்போது மகனையும் கூட்டிச் செல்லுங்கள். கடையில் சொன்ன வார்த்தையைக் கேட்டவர் அவர்தான்.

தவணைக் காசுக்கு வாங்கியிருந்தால்

இது வேறு கதை. தவணைக்கு எடுத்த பெட்டி பெரும்பாலும் கடைசித் தவணை கட்டும்வரை கொடுத்தவருடைய சொத்தாகவே இருக்கும். வாடகைக் கொள்வனவுக்கென்று 1982 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கப் பாவனையாளர் கடன் சட்டம் இருக்கிறது. பிழையான சாமானைத் தந்துவிட்டார்கள் என்ற கோபத்தில் தவணையைத் தானாக நிறுத்துவதுதான் எம்மவர்கள் முதலில் செய்வது. அப்படிச் செய்தால் பிழை எமது பக்கம் திரும்பிவிடும். பிணை நின்ற அயலவரின் வாசலுக்கும் ஆள் வரும். தவணையைக் கட்டிக்கொண்டே, ‘எதிர்ப்புடன் செலுத்துகிறேன்’ என்று எழுத்தில் அறிவித்து, கடைக்கும் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். விளங்காத மொழியில் உள்ள படிவத்தில் கையொப்பமிடச் சொன்னால், வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல வெட்கப்படவேண்டாம்.

மூன்று மாதம் தவறிவிட்டதே என்பவர்களுக்கும் வழி முற்றாக அடைபடவில்லை. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. சனங்கள் இணக்கசபை என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் வார இறுதியில் ஒரு பாடசாலையில் கூடும். அங்கே சட்டத்தரணிகள் தோன்றுவதில்லை. இரு பகுதியாரும் தாங்களே பேசவேண்டும். தீர்ப்புச் சொல்லும் இடமல்ல, இருவரையும் ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவரும் இடம். முழுக் காசும் வராது போகலாம், பாதியாவது வரலாம். உடன்பாடு வராவிட்டால் அதற்கான சான்றிதழ் தருவார்கள். அதன் பிறகு நீதிமன்றம் போவதானால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் ஆலோசனை கேட்கலாம்.

எமது பக்கத்து நேர்மை

உரிமையைப் பற்றிப் பேசும்போது இதையும் பேசத்தான் வேண்டும். பக்கத்துக் கடையில் விலை குறைவு என்று கண்டதால், பிள்ளை கைதவறி விழுத்தியதால், வாங்கிய பின் மனம் மாறியதால் காசைத் திரும்பக் கேட்க எமக்கு உரிமை இல்லை. சோலரைப் பற்றிக் கடையில் வாய் திறக்காமல் வாங்கிவிட்டு, பிறகு ‘சொன்னேன்’ என்று கடிதத்தில் எழுதுவதும் களவுதான். பையிலே பெரிய நிறைகல்லும் சிறிய நிறைகல்லும் வைத்திருப்பவர்களை உபாகமம் 25 ஆம் அதிகாரம் கண்டிக்கிறது. அது கடைக்காரரின் பையை மட்டும் பார்த்துச் சொன்னதல்ல. ஈர நெல்லை மூட்டையின் அடியில் போட்டு மேலே காய்ந்த நெல்லைக் கொட்டும் கைகளும் எமக்குள் உண்டு. வாங்குகிறவருக்கு உதவும் அதே 1896 ஆம் ஆண்டுச் சட்டம், நெல்லோ உழுந்தோ விற்கும்போது எம்மீதும் விழும். மாதிரிக்குக் காட்டிய உழுந்து ஒன்று, மூட்டையில் உள்ளது வேறு என்றால், வியாபாரி அதை மறுக்கலாம்.

குழுவில் செய்து பார்க்க

அடுத்த மாதர் சங்க அல்லது விவசாயக் குழுக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் கடந்த ஒரு வருடத்தில் வாங்கிய ஒரு பொருளின் பற்றுச்சீட்டைக் கொண்டுவாருங்கள். தெளிப்பான், மோட்டர், வானொலி, தையல் மெசின் எதுவானாலும் சரி. எத்தனை பேரிடம் சீட்டு இருக்கிறது, எத்தனை சீட்டில் எழுத்து இன்னும் தெரிகிறது என்று முதலில் எண்ணுங்கள். பிறகு ஒருவர் கடைக்காரராகவும் ஒருவர் வாங்குபவராகவும் நடியுங்கள். வாங்குபவர் கம்பனிப் பெயரைச் சொல்லாமல் தன் தேவையை மட்டும் சொல்லிக் கேட்கவேண்டும். கடைக்காரர் சொல்லும் பதிலைப் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் எழுதித் தரச் சொல்லிக் கேட்கவேண்டும். எழுதித் தர அவர் தயங்கினால் என்ன செய்வீர்கள் என்று மற்றவர்கள் பேசுங்கள். கூட்டத்தில் யாராவது மூன்று மாதத்துக்குள் வாங்கிய, ஏமாற்றித் தரப்பட்ட பொருள் ஒன்று இருந்தால், நாடகத்தை அத்தோடு நிறுத்திவிட்டு, அவருக்கான கடிதத்தை எல்லோரும் சேர்ந்து அங்கேயே எழுதி முடியுங்கள்.